மணியடித்து நின்ற எந்திரம்: அறிஞர் சார்லஸ் பாபேஜ் வரலாறு

நம் சமுதாயக் கல்விச் சங்கங்கள் வெளியிடும் மலர்களில் அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகிய பெருமக்களின் வரலாறுகள் இடம்பெறுதல் மரபு. அவ்வரிசையில், இலண்டன் வங்கியாளர் ஒருவரின் மகனாகச் செல்வத்தில் பிறந்து செல்வத்திலேயே வாழ்ந்து மறைந்த ஓர் ஆங்கிலேயரின் வரலாறு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் இல்லங்களிலிருந்து கல்லூரி செல்லும் பிள்ளைகளுள் பலர் இன்று கணிப்பொறி பயில்கின்றனர். நிரல் எழுதக் கற்கும்போது, வேலையின் நடுவே பிழை நேர்ந்தால் எந்திரம் என்ன செய்ய வேண்டும் என்னும் பாடம் ஒன்று அவர்களுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் அதனை எக்செப்ஷன் என்பர். தமிழில் விதிவிலக்கு என்று எழுதுகின்றனர். மின்சாரத்தால் இயங்கும் கணிப்பொறி தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே இவ்வினாவை எழுப்பி, பித்தளைச் சக்கரங்களைக் கொண்டு அதற்கு விடையும் கண்டவர் சார்லஸ் பாபேஜ். ஆகவே அவர் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

பாபேஜ் 1791 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாபேஜ். இளமையில் கடுங்காய்ச்சலால் நலிந்தமையால், எக்ஸ்டர் நகருக்கு அருகே ஒரு பள்ளியில், மூளைக்கு மிகுந்த வேலை கொடுக்கக் கூடாது என்ற வேண்டுகோளுடன் சேர்க்கப்பட்டார். பின்னர் என்ஃபீல்டு என்னும் ஊரில் பயின்றபோது, நண்பன் ஒருவனுடன் நாள்தோறும் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து, பள்ளி அறையில் தீமூட்டிக் குளிர் காய்ந்தவாறு கணிதம் படித்தார். ஆசிரியர் கண்டுபிடித்துத் தடுக்கும் வரையில் இது நடந்தது. படிக்காதே என்று தடுக்கப்பட்ட மாணவர் வரலாறு நமக்கு வேறு வகையில் தெரியும். இவரைத் தடுத்தது உடல்நலம் கருதிய அன்பு என்பதை நினைவிற்கொள்வோம்.

1810 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். அங்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நுண்கணிதத்தில் தமக்கு எழுந்த ஓர் ஐயத்தை ஆசிரியரிடம் கொண்டு சென்றார். இது தேர்வில் வராது, ஆகவே இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டா என்பதே விடையாகக் கிடைத்தது. வேறோர் ஆசிரியரை அணுகினார். அங்கும் அதே நிலைமை. இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் நம் வகுப்பறைகளில் இவ்விடை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதைத் தலைமையாசிரியன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். பாபேஜ் அதனோடு அமையவில்லை. 1812 இல் ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகிய நண்பர்களுடன் சேர்ந்து ஒரு கழகத்தைத் தொடங்கி, ஐரோப்பாவில் வழங்கிய புதிய கணித முறையை இங்கிலாந்தில் பரப்பினார். 1814 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஜார்ஜியானா விட்மோர் என்னும் நங்கையை மணந்தார். 1816 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 24.

இனி அவர் வாழ்வின் மையத்திற்கு வருவோம். அக்காலத்தில் மாலுமிகள், வானநூலார், பொறியாளர், காப்பீட்டுக் கணக்கர் யாவரும் அச்சிட்ட வாய்பாட்டு நூல்களையே நம்பியிருந்தனர். நடுக்கடலில் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிக்க வாய்பாடு வேண்டும். அதில் ஓர் எண் பிசகினால் கப்பல் பாறையில் மோதவும் கூடும். இவ்வாய்பாடுகளை மனிதர் கையால் கணித்தனர், கையால் படியெடுத்தனர், கையால் அச்சுக் கோத்தனர். மூன்று நிலைகளிலும் பிழை புகுந்தது. 1821 இல் பாபேஜும் ஹெர்ஷலும் வானியல் கழகத்திற்காகக் கணிக்கப்பட்ட வாய்பாடுகளை எண் எண்ணாக ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். பிழைமேல் பிழை வெளிப்பட்டது. மனம் சலித்த பாபேஜ், இக்கணக்குகளை நீராவி செய்து முடித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்னும் பொருள்பட ஒரு வார்த்தை கூறினார். பின்வந்த ஐம்பது ஆண்டுகளும் அவ்வொரு வார்த்தையின் பின்னால் சென்றன.

பிழை எவ்வாறு பரவுகிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். 1628 இல் ஆலந்து நாட்டில் விளாக் என்பவர் வெளியிட்ட மடக்கை வாய்பாட்டில் இருந்த சில பிழைகள், பிற நாட்டு நூல்களிலும் அப்படியே இடம்பெற்றிருந்தன. சீனத்தில் அச்சான நூலொன்றிலும் அதே இடங்களில் அதே பிழைகள் இருந்தன. அந்நூல் எங்கிருந்து படியெடுக்கப்பட்டது என்பது அதனால் புலனாயிற்று. தேர்வு விடைத்தாள் திருத்துவோர் யாவருக்கும் இத்துப்பறியும் முறை நன்கு தெரியும். சரியான விடை இருவருக்கு ஒத்திருந்தால் ஐயமில்லை, தவறான விடை ஒத்திருந்தால்தான் பெஞ்சைப் பார்க்க வேண்டும்! ஆனால் ஒன்று சிந்திக்கத்தக்கது. நூறு, இருநூறு ஆண்டுகள் அப்பிழைகள் நாடு கடந்து சென்றன. தவறான எண்ணும் சரியான எண்ணைப் போன்றே அமைதியாக அமர்ந்திருக்கும். தானாகக் குரல் எழுப்பாது. குரல் எழுப்பும் பொறுப்பு வேறு யாரிடமோ இருத்தல் வேண்டும்.

பிரான்சு நாட்டில் தாம் கண்ட ஒரு செய்தியும் அவரைக் கவர்ந்தது. புரட்சிக்குப் பின்னர் அந்நாட்டரசு மாபெரும் வாய்பாட்டுத் தொகுதியைத் தயாரிக்க விரும்பி, தெ புரோனி என்னும் பொறியாளரிடம் அப்பணியை ஒப்படைத்தது. அவர் ஆட்களை மூன்று பிரிவாக்கினார். முதற்பிரிவில் புகழ்பெற்ற கணித மேதைகள் சிலர். இரண்டாவதில் கணிதம் கற்றோர் ஏழெட்டுப் பேர். மூன்றாவதில் கூட்டவும் கழிக்கவும் மட்டுமே அறிந்த 60 முதல் 80 பேர். பிரபுக்கள் வீழ்ந்தபின் வேலையிழந்த சிகை அலங்காரத் தொழிலாளர்கள் இம்மூன்றாம் பிரிவில் இருந்தனர் என்பர். வேலை முடிந்து பார்த்தபோது, மிகுதியாகக் கற்றவர்களைக் காட்டிலும் கூட்டலும் கழித்தலும் மட்டுமே அறிந்தோரின் கணக்குகளில் பிழை குறைவாயிருந்தது. 1832 இல் தாம் வெளியிட்ட எந்திரப் பொருளாதாரம் பற்றிய நூலில் பாபேஜே இதனைப் பதிவு செய்துள்ளார். பிறப்பாலும் தொழிலாலும் ஒருவன் அறிவை அளந்து பழகிய நாட்டில் வாழும் நாம் இச்செய்தியை இருமுறை படிக்க வேண்டும். ஆயினும் பாபேஜ் இதிலிருந்து கண்ட முடிவு வேறு. இத்துணை எளிய வேலையை எந்திரமே செய்துவிடலாமே என்பது அவர் கண்ட முடிவு. அத்தொழிலாளருக்கு மேலும் கணிதம் கற்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை. வேலையைக் கூறுகளாகப் பிரித்து, எளிய கூற்றிற்குக் குறைந்த கூலியாளை அமர்த்தினால் செலவு மிச்சமாகும் என்ற கொள்கையையும் அதே நூலில் அவர் வகுத்தார். பெரியோர் வரலாற்றில் இத்தகைய பக்கங்களை மறைத்தல் ஆகாது.

அவர் முதலில் வகுத்தது வேறுபாட்டு எந்திரம். அதன் தத்துவத்தை எட்டாம் வகுப்பு மாணவனும் அறியலாம். 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களை எடுத்துக்கொள்க. அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு 3, 5, 7, 9. அவ்வேறுபாடுகளின் வேறுபாடு எப்போதும் 2. ஆகவே 2 ஐக் கூட்டிக்கொண்டே வந்தால் பெருக்கல் இன்றியே வர்க்க வாய்பாடு முழுவதும் கிடைத்துவிடும். கூட்டலைச் சக்கரங்கள் செய்யும். 1822 இல் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார்; மறு ஆண்டில் அரசு 1,500 பவுன் வழங்கியது. ஜோசப் கிளெமென்ட் என்னும் தேர்ந்த பொறிவினைஞர் பாகங்களைச் செய்தார்.

இவ்வெந்திரத்தில் என்னைக் கவர்ந்த பகுதி அதன் பூட்டுகள். ஒவ்வொரு சக்கரமும் 0 முதல் 9 வரை ஏதேனும் ஓர் இலக்கத்தில் நிற்க வேண்டும். அதிர்வாலோ தேய்மானத்தாலோ சக்கரம் 6 க்கும் 7 க்கும் நடுவே நின்றுவிட்டால் என் செய்வது? ஆப்பு வடிவிலான பூட்டுகள் சக்கரத்தின் பற்களுக்கிடையே இறங்கும். சிறு பிசகாயின் அவையே சக்கரத்தைச் சரியான இடத்தில் அமர்த்தும். பெரும் பிசகாயின் ஆப்பு இறங்காது. எந்திரம் முழுவதும் இறுகி நின்றுவிடும். தவறான எண்ணை அச்சிடுவதைக் காட்டிலும் அச்சிடாமல் நிற்றலே மேல் என்பது அவர் துணிபு. அச்சுக் கோப்பவர் கையில் பிழை நேராதிருக்க, விடையை எந்திரமே அச்சுத்தகட்டில் பதிக்கவும் ஏற்பாடு செய்திருந்தார்.

நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் அவரிடம், தவறான எண்களை உள்ளே இட்டால் சரியான விடை வெளியே வருமா என்று கேட்டனர். இப்படியும் ஒரு குழப்பம் மனித மூளையில் எழுமா என்று அவர் வியந்து எழுதியுள்ளார். கேட்டவர்களை நாம் முற்றும் நகையாட வேண்டியதில்லை. தவறான எண் சரியாகாது என்பது மெய். ஆனால் தவறான எண் வந்துள்ளது என்று எந்திரம் அறிவிக்குமா என்பது நல்ல கேள்வி. அக்கேள்விக்குப் பாபேஜே தம் அடுத்த எந்திரத்தில் விடையளித்தார்.

இடையே துன்பங்கள் நேர்ந்தன. 1827 ஆம் ஆண்டு ஒன்றிலேயே தந்தையையும் மனைவியையும் குழந்தைகள் இருவரையும் இழந்தார். எட்டுக் குழந்தைகளுள் மூவரே வளர்ந்து பெரியவராயினர். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த லூக்காசியப் பேராசிரியர் பதவி கிடைத்தது; 1839 வரை அதனை வகித்தும் ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. ஆசிரியர் தொழிலில் உள்ளவன் இதைப் பாராட்ட இயலாது. கிளெமென்ட்டுடன் பணத் தகராறு முற்றி 1833 இல் எந்திரப்பணி நின்றது. 1842 இல் அரசு கைவிட்டது. அதுவரை அரசுப் பணம் 17,000 பவுனுக்கு மேல் செலவாகியிருந்தது.

1834 இல் அவர் சிந்தனை புதியதொரு திசையில் சென்றது. ஒரே வகைக் கணக்கைச் செய்யும் எந்திரத்தை விடுத்து, எக்கணக்கையும் செய்யவல்ல பகுப்பாய்வு எந்திரத்தை வரையத் தொடங்கினார். எண்களைச் சேமிக்கக் கிடங்கு, கணக்கிட ஆலை, கட்டளையிடத் துளையிட்ட அட்டைகள். காஞ்சிபுரம், ஆரணி நெசவாளர் தறிமேல் ஜக்கார்டு பெட்டி வைத்துப் புட்டா போடுவதைக் கண்டோர்க்கு அவ்வட்டைகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு நெசவுத் தறியிலிருந்தே பாபேஜ் அவற்றை எடுத்துக்கொண்டார்.

இவ்வெந்திரம் கணக்கின் நடுவே ஓர் எண்ணின் மடக்கையை வேண்டுவதாகக் கொள்வோம். 1864 இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவு நூலில் பாபேஜ் 2303 என்னும் எண்ணை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். எந்திரம் ஒரு மணியை அடித்துத் தானே நின்றுவிடும். உதவியாளர் வந்து பார்ப்பார். எந்த எண்ணின் மடக்கை வேண்டும் என்பது ஓரிடத்தில் காட்டப்பட்டிருக்கும். பெட்டியிலிருந்து அதற்குரிய அட்டையை எடுத்துச் செருகுவார். எந்திரம் உடனே அதை நம்பிவிடாது. தான் கேட்ட எண்ணுக்குரிய அட்டைதானா என்று முதலில் சரிபார்க்கும். சரியாயின் கணக்கைத் தொடரும். தவறாயின் முன்னிலும் உரத்த மணியை அடித்து மீண்டும் நின்றுவிடும். தவறான வாய்பாட்டு எண் என்னும் அறிவிப்பும் தோன்றும். சரியான அட்டை வரும் வரையில் அது நகராது.

இன்றைய நிரல் மொழிகளில் விதிவிலக்கு எழுப்புதல், விதிவிலக்கைக் கையாளுதல் என்று பிரித்துக் கற்பிக்கும் இரண்டும் இங்கே உள்ளன. மணியடிப்பது எழுப்புதல். உதவியாளர் வந்து உரிய அட்டை கொடுப்பது கையாளுதல். ரெய்ஸ், த்ரோ என்று மொழிக்கு மொழி சொல் மாறும். ட்ரை, கேட்ச் என்பன கையாளும் பகுதியைக் குறிப்பன. பெரிய நிரலில் ஒரு பகுதி மற்றொன்றை வேலைக்கு அழைக்கும். அது வேறொன்றை அழைக்கும். கடைசிப் பகுதியில் பூச்சியத்தால் வகுக்கும் நிலை நேர்ந்தால் அது விதிவிலக்கை எழுப்பும். தன்னை அழைத்த பகுதியில் அதனைக் கையாள ஏற்பாடு இல்லையாயின் அதற்கு மேலுள்ள பகுதிக்குச் செல்லும். கிராம நிர்வாக அலுவலரால் தீராத மனு வட்டாட்சியருக்கும், அங்கும் தீராவிடில் மாவட்ட ஆட்சியருக்கும் செல்வதை ஒத்தது இது. எங்கும் கையாள ஆளில்லையெனில் நிரல் நின்றுவிடும். இதனினும் கொடியது வேறொன்று உண்டு. விதிவிலக்கைப் பெற்றுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், எதுவும் நேராததுபோல் மேலே செல்லும்படி சிலர் நிரல் எழுதுகின்றனர். மனுவை மேசை அறையில் போட்டுப் பூட்டிய கதை! நம் தெருக்களில் இக்கதையை அறியாதார் யார்?

வகுப்பறையிலும் இதனைக் காண்கிறோம். கணக்கின் இரண்டாம் வரியிலேயே புரியாமற்போன பிள்ளை, கேட்டால் ஏளனம் நேருமோ என்று அஞ்சி, புரியாத எண்ணையே சுமந்துகொண்டு பத்தாம் வரி வரை எழுதி முடிக்கிறான். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் நம் பிள்ளைகளிடம் இவ்வச்சம் மிகுதி. அதற்குக் காரணம் பிள்ளைகள் ஆகார். மணியடித்தபோதெல்லாம் அட்டையுடன் வந்த உதவியாளர் அவர்களுக்கு வாய்க்கவில்லை. பாபேஜின் எந்திரத்தில் மணியடித்தல் குற்றமாகக் கருதப்படவில்லை. அதுவும் எந்திரத்தின் வேலைகளுள் ஒன்றாகவே வரையப்பட்டிருந்தது.

இவ்வெந்திரத்தின் பெருமையை உலகிற்கு விளக்கியவர் அடா லவ்லேஸ் அம்மையார். பைரன் என்னும் ஆங்கிலக் கவிஞரின் மகளாக 1815 இல் பிறந்த இவர், 17 வயதில் பாபேஜைச் சந்தித்தார். பகுப்பாய்வு எந்திரம் பற்றி மெனாபிரியா என்னும் இத்தாலியர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை 1843 இல் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு நீளத்திற்குக் குறிப்புகளும் எழுதினார். பெர்னூலி எண்களை எந்திரம் கணிக்கும் முறை அக்குறிப்புகளுள் உள்ளது. அதற்கான இயற்கணிதத்தைச் செய்து தர முன்வந்த பாபேஜ் அதில் பெரும்பிழை ஒன்றைச் செய்துவிட்டார். அடா அதனைக் கண்டு திருப்பியனுப்பினார். பெண்கள் பல்கலைக்கழகத்தில் நுழைய இயலாத காலத்தில், இருபத்தேழு வயதுப் பெண்ணொருத்தி பேராசிரியரின் பிழையைச் சுட்டினார். பேராசிரியரும் அதனைத் தம் நூலில் வெளிப்படையாக எழுதிவைத்தார். பாபேஜின் குணங்களுள் நான் மிகவும் மதிப்பது இதுவே. அடா 1852 இல் 36 ஆம் வயதில் மறைந்தார்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய நிரல் மொழிக்கு அடா என்று பெயரிட்டனர். அவர் பிறந்த ஆண்டைக் குறிக்கும் 1815 என்பதே அதன் தர எண். 1983 இல் வெளியான அதன் தர வரையறையில் விதிவிலக்கை எழுப்பவும் கையாளவும் தனி அமைப்புகள் இருந்தன. அம்மொழியில் எழுதிய நிரலாலேயே ஒரு பேரிழப்பும் நேர்ந்தது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பியரின் ஏரியன் 5 ஏவூர்தி முதன்முறையாகப் பறந்தது. ஏரியன் 4 க்கு எழுதிய நிரல் பகுதியை அதில் அப்படியே வைத்திருந்தனர். புதிய ஏவூர்தியின் வேகம் மிகுதி. அதனால் ஓர் எண் தனக்கென ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்காமற்போயிற்று. விதிவிலக்கு எழுந்தது. இவ்வாறு பிசகக்கூடிய ஏழு மாறிகளுள் நான்கிற்கு மட்டுமே காப்பு எழுதியிருந்தனர். இது காப்பற்ற மூன்றனுள் ஒன்று. திசையறி கருவி நின்றது. மாற்றுக் கருவியும் அதே காரணத்தால் முன்னரே நின்றிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பை முதன்மைக் கணிப்பொறி பறத்தல் பற்றிய எண்ணாகக் கொண்டு ஏவூர்தியைத் திருப்ப, 40 நொடிகளுக்குள் யாவும் சிதறின. மணி அடித்தது, மணியோசையை எண்ணென்று படித்துவிட்டனர். மற்றொன்றும் சொல்ல வேண்டும். அந்நிரல் பகுதிக்கு ஏவூர்தி மேலெழுந்த பின்னர் வேலையே இல்லை.

பாபேஜின் பிற்காலம் கசப்பு நிறைந்தது. பகுப்பாய்வு எந்திரம் தாளிலேயே நின்றது. 1847 முதல் 1849 வரை வரைந்த இரண்டாம் வேறுபாட்டு எந்திரத்தையும் அரசு ஏற்கவில்லை. தெருவில் இசைப்பெட்டி சுழற்றிப் பிழைத்த ஏழைகள்மீது அவர் கொண்ட சினம் பெரிது. வழக்குகள் தொடுத்தார், 1864 இல் தெரு இசையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வருவதற்கும் துணைநின்றார். அவர்களோ அவர் வீட்டெதிரே வந்து வேண்டுமென்றே இசைத்தனர். அவ்விசைஞருள் பலர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர். எந்திரத்தின் மணியோசைக்குச் செவிசாய்த்தவர் வாயிலில் நின்ற வறியவரின் குரலை இரைச்சலாகவே கேட்டார்.

1871 அக்டோபர் 18 அன்று இலண்டனில் காலமானார். மூளையின் ஒரு பாதி ஹண்டேரியன் அருங்காட்சியகத்திலும், மறுபாதி இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் சேர்ந்தது. இந்தியாவில் படை அதிகாரியாகப் பணியாற்றிய மகன் ஹென்றி பாபேஜ், ஓய்வுக்குப் பின் தந்தையின் எந்திரத்து ஆலைப் பகுதியைச் செய்து, பை என்னும் எண்ணின் மடங்குகளை அதில் கணித்தார். அப்பட்டியலிலும் பிழைகள் இருந்தன.

பாபேஜ் பிறந்த இருநூறாம் ஆண்டாகிய 1991 இல், இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் அவருடைய வரைபடங்களைக் கொண்டு இரண்டாம் வேறுபாட்டு எந்திரத்தின் கணிக்கும் பகுதியைச் செய்து முடித்தனர். ஏறத்தாழ 4,000 பாகங்கள் கொண்ட அது பிழையின்றிக் கணித்தது. அச்சுப் பகுதி 2002 இல் நிறைவுற்றது. கைப்பிடியைச் சுழற்றினால் இயங்கும். சக்கரம் ஒன்று இரு இலக்கங்களுக்கு நடுவே நின்றுவிட்டால், ஆப்பு இறங்காமல், கைப்பிடி இறுகி நின்றுவிடும்.